'நீமோ' குஞ்சுகளை வீட்டில் வளர்க்க முடியுமா? முதல் 10 நாள்தான் ஆட்டமே!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. ஆனாலும் ராயபுரம் வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்படுபவர், பாக்கெட்டில் விற்கும் கடல் உப்பை வாங்கி ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கித்தான் ஆக வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் வட சென்னையின் குடிநீருக்காகவே கட்டப்பட்டது. அங்கே உப்பை எடுக்கிறார்கள். இங்கே காசு கொடுத்து மறுபடி போடுகிறார்கள்.

பக்கத்திலேயே கடல் இருக்க, குடத்தில் மொண்டு வந்தால் என்ன? வட சென்னைக் கரையில் அந்த ரிஸ்க்கை யாரும் எடுக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் கலந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு, கடலுக்கடியில் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயில் இருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல், படகு டீசல் என்று பட்டியல் இன்னும் நீளும். வளர்ந்த மீன் சிலவற்றைத் தாங்கலாம். 3, 4 மில்லிமீட்டர் நீளத்தில் கண்ணாடி போல இருக்கும் குஞ்சு தாங்காது.

அப்பா காவல், அம்மா பாஸ்

2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு உலகமே 'நீமோ' என்று கூப்பிடும் கோமாளி மீனில் சுமார் 30 இனங்கள் உண்டு. மன்னார் வளைகுடாவிலேயே சீபே என்ற இனம் இருக்கிறது. எல்லாக் குஞ்சுகளும் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரிதாகி ஆதிக்கம் செலுத்தும் மீன் பெண்ணாக மாறிவிடும். அதனால் ஜோடி சேர்க்க, சின்னதும் பெரிதுமாக இரண்டு இளம் மீன்களை ஒரே தொட்டியில் விட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தாலே போதும்.

கடலில் இவை கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்குள் ஒளிந்து வாழும். வீட்டில் சாமந்தி கட்டாயம் இல்லை. கவிழ்த்து வைத்த மண்தொட்டி போதும், அதன் சுவரிலேயே முட்டை ஒட்டும். பவளம் வேண்டும் என்று யாராவது கடலில் இருந்து பெயர்த்துத் தருவதாகச் சொன்னால் வாங்கிவிடக் கூடாது. பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, கேஸ் ஆகிவிடும்.

ஒரு முறைக்குச் சில நூறு முட்டைகள். ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், கெட்டுப்போன முட்டையை வாயால் பொறுக்கி எடுக்கும். ஆரஞ்சு நிற முட்டைகள் நாளாக ஆகக் கறுத்து, ஒரு வாரத்தில் உள்ளே கண்கள் வெள்ளி போலப் பளபளக்கும். அப்படித் தெரிந்தால் அன்றிரவு தூக்கம் கிடையாது. விளக்கை அணைத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி வரும் என்பதால், இருட்டில் ஒரு மூலையில் டார்ச் அடித்து, கூடுபவற்றைக் கப்பில் மொண்டு தனித்தொட்டிக்கு மாற்றுவார்கள். வலை போட்டால் நசுங்கிவிடும். அப்படியே விட்டாலும் காலையில் எதுவும் மிஞ்சாது. ஃபில்டர் இழுத்துவிடும், மற்ற மீன்கள் தின்றுவிடும்.

வாய்க்குப் பொருந்தும் சாப்பாடு

பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். கடையில் விற்கும் பொடித் தீனி எதையும் இந்தக் குஞ்சு சீண்டாது. எதிரே நீந்திப் போகும், தன் வாய்க்குள் நுழையும் உயிருள்ள இரைதான் வேண்டும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு அதிகபட்சம் ஒரு நாளைக்கு வரும். அதன் பிறகு ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரிதான் ஒரே சாப்பாடு. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு அளவே இருக்கும்.

ஒரு மில்லி தண்ணீருக்குப் பத்து ரோட்டிஃபராவது இருந்தால்தான் குஞ்சு அதிகம் அலையாமல் சாப்பிடும். 30 லிட்டர் தொட்டி என்றால் கணக்கு 3 லட்சம்! அந்த ரோட்டிஃபருக்கும் சாப்பாடு வேண்டுமே? நானோகுளோராப்சிஸ் என்ற பச்சைப் பாசியைத் தனியாக வளர்த்து ஊட்ட வேண்டும். ஆக, மீன் வளர்க்கக் கிளம்பியவர் முட்டை பொரிவதற்குச் சில வாரம் முன்பே பாசி விவசாயியாகவும் ரோட்டிஃபர் பண்ணையாளராகவும் மாறியிருக்க வேண்டும். முட்டையைப் பார்த்த பிறகு ரோட்டிஃபர் தேடி அலைவது வேலைக்கு ஆகாது.

தொட்டி வெறுமையாக இருக்க வேண்டும். மணல், கல், ஃபில்டர் எதுவும் வேண்டாம். பக்கவாட்டுக் கண்ணாடிகளில் கறுப்புத்தாள் ஒட்டி, பாசிநீரைக் கொஞ்சம் ஊற்றி இளம்பச்சையாக வைத்தால் ஒளி சிதறாது. இல்லாவிட்டால் பளிச்சென்ற பிரதிபலிப்பைத் துரத்தி, கண்ணாடியில் முட்டி முட்டியே குஞ்சுகள் சாகும். காற்றுக்குழாயில் குமிழ் ஒவ்வொன்றாக வந்தால் போதும்.

ஃபில்டர் இல்லாத தொட்டியில் கழிவும் செத்த இரையும் சேர்ந்து அமோனியா ஏறும். எண்ணூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மனிதர்களுக்கு மூக்கில் தெரிவதற்கு வெகு முன்பே குஞ்சுகளுக்கு ஆளைக் கொல்லும் அளவு வந்துவிடும். தினமும் டெஸ்ட் கிட்டில் பார்த்து, மெல்லிய குழாயால் அடிக்கசடை உறிஞ்சி, அதே உப்பளவுள்ள புதுநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் வைத்தியம். ஒரேயடியாக ஒரு பக்கெட் ஊற்றினால் நல்ல தண்ணீரே விஷமாகிவிடும்.

ஐந்து முதல் ஏழாம் நாளில் ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறால் குஞ்சுகள் மெனுவில் சேரும். தூத்துக்குடி உப்பளங்களிலும் வாழும் உயிரிதான். ரோட்டிஃபரைவிடப் பெரியது என்பதால் அவசரப்பட்டால் விழுங்க முடியாமல், அல்லது அளவில்லாமல் விழுங்கி, குஞ்சுகள் செத்துவிடும். எட்டாம் நாளில் இருந்து பன்னிரண்டாம் நாள் வரை பெரிய மாற்றம். கண்ணாடி உடம்பில் ஆரஞ்சு ஏறி, தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை விழும். மிதந்து திரிந்தது அடித்தளத்துக்கு இறங்கும். இந்தத் தாவலிலும் ஒரு பகுதி போய்விடும். தாண்டியவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இவ்வளவு பாடுபட்டும் கோமாளி மீனைத்தான் கடல் மீன்களில் 'ஈஸி' என்கிறார்கள். காரணம் இந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் கணக்குதான். பல பவளப்பாறை மீன்களுக்கு இதே குழந்தைப் பருவம் வாரக்கணக்கில் நீளும். வாயும் இன்னும் சின்னது.

கரண்ட் போனால்?

வட சென்னைக்கென்றே இரண்டு தலைவலிகள். கோடையில் தகர ஷீட், மொட்டைமாடி அறைகளில் நீர் வெப்பம் சுலபமாக 30 டிகிரியைத் தாண்டும். குஞ்சுகளுக்கு 27, 28 போதும். நீர்மட்டத்தின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் நீர் ஆவியாகி உப்பு ஏறும், அதை நன்னீர் ஊற்றிச் சமன் செய்ய வேண்டும். மற்றது மின்வெட்டு. மிக்ஜாமின்போது பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. குஞ்சுகளுக்கு முன்னால் ரோட்டிஃபர் வாளி செத்து நாறும்.

இதற்கு இத்தனை மெனக்கெடுவானேன் என்றால், உலகச் சந்தையில் விற்கும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்தவை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பாறைகளில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடித்த கதையும் அதில் அடக்கம். தொட்டியில் பிறந்த கோமாளி மீன் அந்தச் சங்கிலியில் சேராது. தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியை எப்போதோ செய்து காட்டிவிட்டன.

விற்க இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. கொளத்தூரின் வண்ண மீன் வியாபாரம் நாடறிந்தது, அங்கே நன்னீர் மீன்தான் ராஜா என்றாலும். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலான அலகுக்கு 40 சதவீதம், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 60 சதவீதம் மானியம் என்று வகுத்தார்கள்; கடல் மீனுக்கும் அது பொருந்தும். விண்ணப்பிக்க மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தை அணுக வேண்டும். ஆனால் மானியத்தை நம்பி முதலில் தொட்டி வாங்காமல், ஒரு வாளி ரோட்டிஃபரை ஒரு மாதம் சாகாமல் வைத்திருக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். முதல் தொகுதியில் ஒரு குஞ்சுகூடத் தேறாமல் போவது சகஜம்தான். ஜோடி பழகிவிட்டால் பத்துப் பதினைந்து நாளில் அதே மண்தொட்டியில் அடுத்த முட்டைகள் ஒட்டியிருக்கும்.