தண்ணீர் குடிக்கும் படகுகள்

கல்பாக்கத்தை ஒட்டியுள்ள புதுப்பட்டினம் கடற்கரைக்கு நீங்கள் போனதுண்டா? மணலில் ஏற்றிவைத்த மோட்டார்ப் படகுகளைப் பார்க்கலாம். ஒரே அச்சில் வார்த்த கண்ணாடியிழைப் படகுகள் அண்ணன் தம்பிகளைப் போல ஒரே சாயலில் இருக்கும். மீனவர்கள் இவற்றை ‘ஃபைபர் போட்’ என்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் முழுவதும் இவை பெருகிவிட்டன.

அதற்கு முன் இங்கே கட்டுமரம்தான் ராஜா. கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக வெயிலில் காயப்போடுவார்கள். ஏன் தெரியுமா? மரம் ஊறினால் கனத்துவிடும். கனத்த மரம் தாழ்ந்து மிதக்கும். கரையேற்றவும் ஆள் அதிகம் தேவைப்படும்.

ஆனால், மரம் ஊறினால்தான் எங்கள் படகு மிதக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்! அமெரிக்காவில் கிறிஸ்-கிராஃப்ட் என்ற மோட்டார்ப் படகுகளை வைத்திருப்பவர்கள்தாம் அவர்கள். மிச்சிகன் மாநிலத்தில், செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் அல்கோனாக் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே இந்தப் படகுகளைக் கட்டத் தொடங்கியவர் கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித் (1861–1939). சிரிக்காதீர்கள், அவருடைய உண்மையான பெயரே அதுதான்.

அந்தக் கம்பெனி 1970-களின் தொடக்கத்தில் மரப்படகு கட்டுவதை நிறுத்திவிட்டது. பழைய படகுகளின் சொந்தக்காரர்கள் 1973-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஏதேனும் ஓர் ஏரிக்கரையில் குடும்பத்தோடு கூடுவார்கள். மூடியைத் திறந்து எஞ்சினைக் காட்டுவார்கள். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். ஆனால் கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு: படகை ஊறவைக்க வேண்டும்.

குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்த படகைத் திடீரென்று தண்ணீரில் இறக்கினால் அடிப்பாகம் சல்லடையாக ஒழுகும். மரத்தை நுண்பெருக்கியில் பார்த்தால் நீண்ட குழாய்களைக் கற்றையாகக் கட்டியதுபோல் தெரியும். குழாய்களின் சுவர்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், பலகை அகலத்தில்தான் பருக்கும். நீளம் அநேகமாக மாறாது. 15 செ.மீ. அகலமுள்ள பலகை நூற்றுக்கு ஒரு பங்கு பருத்தாலும் ஒன்றரை மில்லி மீட்டர் கூடிவிடுகிறது. பக்கத்துப் பலகையும் அவ்வாறே பருக்க, இடுக்கு தானாக அடைபடுகிறது. மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதும் இதனால்தான்.

ஆகவே படகைப் பட்டைகளில் தொங்கவிட்டு நீரில் அமிழ்த்துவார்கள். உள்ளே பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஓரிரு நாளில் ஒழுகல் நின்றுவிடும். பொறுமையில்லாதவர் படகு மூழ்கிப்போவதும் உண்டு.

இங்கேதான் சங்கத்தாரிடையே ஒரு வழக்கு. அந்தக் காலத்தில் படகின் அடியில் இரண்டு அடுக்குப் பலகை வைத்து, நடுவே கித்தான் துணி கொடுத்துத் தைத்தார்கள். இப்போது சிலர் அடிப்பாகத்தைப் பிரித்து, ரப்பர்போல் வளையும் நவீனப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஊறவைக்க வேண்டியதே இல்லை! ‘அப்படியானால் அது பழைய படகுதானா?’ என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஏரி நடுவே போகிறவர் ஒழுகாத அடியைத்தானே விரும்புவார்? என் வாக்கு பசைக்குத்தான். ஆனால் பழைய முறையில் ஒரு படகையாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எப்படிக் கட்டினார்கள் என்பதே மறந்துபோகும்.

படகின் வயதைப் பற்றிச் சண்டை வந்தால் தீர்த்துவைக்க வழியிருக்கிறது. ஒவ்வொரு படகின் உடலிலும் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணுக்குரிய அட்டையில், எந்த எஞ்சின் பொருத்தினார்கள், எப்போது யாருக்கு அனுப்பினார்கள் என்பதைக் கம்பெனி எழுதிவைத்தது. வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் உள்ள கடலோடிகள் அருங்காட்சியகத்தில் அந்த அட்டைகள் பத்திரமாக உள்ளன. ஒரு படகுக்கு ஜாதகம்!

ஊறுவதைச் சோதித்துப் பாருங்கள். காய்ந்த பலகைத் துண்டு ஒன்றின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, மறுபடி அளவுகோலை வையுங்கள். எடையையும் பார்க்க மறக்காதீர்கள். கட்டுமரக்காரரின் கவலை அதுதானே.