அணித் தலைவருக்கு வயது 13

2008 ஜனவரி 8. மாலத்தீவின் வடகோடியில் உள்ள ஹோராஃபுஷி தீவுக்கு அன்றைய அதிபர் மவ்மூன் அப்துல் கயூம் வந்திருந்தார். வரவேற்க நின்ற ஊர்மக்களோடு சீருடை அணிந்த சாரணச் சிறுவர்களும் வரிசையில் நின்றார்கள். திடீரெனக் கூட்டத்திலிருந்து ஒருவன் பாய்ந்தான். கொடித் துணிக்குள் மறைத்திருந்த கத்தியை அதிபரின் வயிற்றை நோக்கி வீசினான். 15 வயதுச் சாரணன் ஒருவன் குறுக்கே புகுந்து, கத்தியை வெறுங்கையால் பற்றினான். அவன் கை வெட்டுப்பட்டது. அதிபரின் சட்டை கிழிந்தது. உடம்பில் கீறல் இல்லை.

"தயாராக இரு" என்பது உலகெங்கும் சாரணர்களின் தாரக வாக்கு. ஆனால் கத்தியைப் பிடிக்க எந்தச் சாரண ஆசிரியரும் சொல்லித் தருவதில்லை. முடிச்சுப் போடுவது, அடுப்பு மூட்டுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, திசை கண்டு நடப்பது என்று சின்னச் சின்ன வேலைகளைத்தான் அவர் கற்றுத் தருகிறார். கற்றுக்கொடுத்த பிறகு தள்ளி நின்றுகொள்கிறார். சோறு குழைந்தாலும் கூடாரம் சரிந்தாலும் பிள்ளைகளே சரிசெய்ய வேண்டும். அவசியம் வந்தால் ஒழிய அவர் கைவைப்பதில்லை. நூறு வருடங்களுக்கு மேலாக இந்த இயக்கம் உயிரோடு இருக்கக் காரணம், பெரியவர்கள் இப்படித் தள்ளி நிற்பதுதான்.

சாரணர் என்பது தமிழில் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் வரும் சாரணர்கள் ஊர் சுற்றி அறம் உரைக்கும் சமண முனிவர்கள். ஒற்றர் என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. படைக்கு முன்னால் போய் நிலத்தையும் எதிரியையும் நோட்டம் பார்த்து வருவது ஒற்றரின் வேலை. ராணுவத்தில் 'ஸ்கவுட்' செய்வதும் அதையேதான்.

அந்த வேலையைப் பற்றி 1899-இல் படைவீரர்களுக்காக ஒரு கையேடு எழுதினார் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ராபர்ட் பேடன் பவல். அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரை, அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களின் படை சூழ்ந்துகொண்டது. முற்றுகை 217 நாள் நீடித்தது. நகரைக் காக்கும் பொறுப்பு பேடன் பவலுடையது. கைவசம் இருந்த ஆட்கள் போதாமல், நகரத்துச் சிறுவர்களைச் சேர்த்து ஒரு படை அமைக்கப்பட்டது. கடிதம் கொண்டுபோவது, காவல் பார்ப்பது, மருத்துவமனையில் உதவுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதலில் கழுதைகளிலும் பிறகு சைக்கிள்களிலும் போய்வந்தார்கள். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவர்கள் அதற்குத் தக்கபடி நிமிர்ந்துவிடுகிறார்கள் என்று அவர் கண்டது அங்கேதான்.

நாடு திரும்பியதும், தன்னுடைய ராணுவக் கையேட்டைச் சிறுவர்கள் விளையாட்டுக்குப் பயன்படுத்துவதைப் பார்த்தார். போர் இல்லாமல், சமாதானத்துக்காகவே இதைக் கற்றுத் தந்தால் என்ன? 1907 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் உள்ள பிரவுன்சீ தீவில் 20 சிறுவர்களோடு ஒரு சோதனை முகாம் தொடங்கினார். அப்போது அவருக்கு 50 வயது. பையன்களில் பாதிப் பேர் ஈட்டன், ஹாரோ போன்ற செல்வந்தர் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் பூல், போர்ன்மவுத் நகரங்களின் எளிய வீட்டுப் பிள்ளைகள். கட்டணமும் அதற்கேற்ப வெவ்வேறு: வசதியுள்ளவர்களுக்கு ஒரு பவுண்டு, மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங். அந்தக் கால இங்கிலாந்தில் ஒரே பந்தியில் உட்கார வாய்ப்பில்லாத இந்த இரு தரப்பையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்னும் கரைப்பறவை என்று அணிகளுக்குப் பெயர் வைத்தார். ஒவ்வோர் அணிக்கும் அந்தச் சிறுவர்களில் ஒருவனே தலைவன். காலையில் எழுப்புவதற்கு, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த குடு மான் கொம்பை அவரே ஊதினார்.

அடுத்த ஆண்டு சிறுவர்களுக்கான நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. யாரும் சொல்லாமலே ஊர் ஊராகச் சிறுவர்கள் அணி சேர்ந்தார்கள். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் திரளில் சிறுமிகள் சிலரும் வந்து நின்று, தங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். அதன் விளைவாக 1910-இல் சாரணியர் இயக்கம் உருவானது. அதை வழிநடத்தும் பொறுப்பை பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் ஏற்றார்.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. 1909-இல் பெங்களூரில் முதல் குழு தொடங்கியது. ஆனால் அது ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். இந்தியச் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ள அரசுக்கு மனமில்லை. இந்தத் தடையைத் தாண்டியது சென்னை. 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார், ஜி.எஸ். அருண்டேல் துணையோடு இந்தியச் சிறுவர்களுக்கான சாரணர் சங்கத்தை இங்கே தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் நம் பாட்டு. வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் 1918-இல் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். பேடன் பவல் 1921-இல் இந்தியா வந்தபோது, பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது.

இணைப்பு நெடுநாள் நிம்மதியாக இல்லை. இந்தியர்களைத் தாழ்த்தி பேடன் பவல் சொன்ன ஒரு கருத்து நாடெங்கும் கொதிப்பை ஏற்படுத்தியது. பலர் விலகி 1938-இல் இந்துஸ்தான் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ஆம் தேதி, பிரிந்து கிடந்த சங்கங்கள் ஒன்றாகி 'பாரத சாரண சாரணியர்' அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டு சாரணியர் சங்கமும் இதில் சேர்ந்தது.

இன்று ஒரு சாரணப் படையில் அதிகபட்சம் 32 பேர். ஆறு முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்தால் ஓர் அணி. அணித் தலைவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். முகாமில் தன் அணிக்கு அரிசி வாங்குவதிலிருந்து, இரவில் யாராவது அம்மாவை நினைத்து அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுவரை அவர் பொறுப்பு. அந்த வயதில் வீட்டில் தண்ணீர் மோந்து குடிக்கக்கூட அம்மாவை எதிர்பார்த்த பிள்ளைதான்.

முகாமில் ஒரு காலைப் பொழுதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கழுத்தில் கிடக்கும் ஸ்கார்ஃப் அலங்காரத்துக்காக அல்ல. அதைப் பிரித்தால் பெரிய முக்கோணத் துணி. கை முறிந்தவருக்குத் தூளி கட்டலாம், தலைக் காயத்துக்குக் கட்டுப் போடலாம், காலில் சுளுக்கு என்றால் சுற்றலாம். முனைகளைச் சேர்க்க 'ரீஃப் நாட்' என்ற முடிச்சு. வலது முனையை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று. பிறகு இடதை வலதின் மேல் போட்டு இன்னொரு சுற்று. அவசரத்தில் இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் முடிச்சு வழுக்கிவிடும். சரியாகப் போட்டால் தட்டையாகப் படுத்துக்கொள்ளும், காயத்தை உறுத்தாது. அவிழ்க்கும்போது ஒரு முனையைப் பிடித்து நேராக இழுத்தால் போதும், குலைந்துவிடும். பத்து வயதுப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு இதைப் போட்டுக் காட்டும்போது, அவள் முகத்தில் தெரியும் பெருமிதத்தை எந்த மதிப்பெண் பட்டியலும் தராது.

அடுத்தது அடுப்பு. கிடைப்பது இரண்டே தீக்குச்சி. சருகு, சுள்ளி, விறகு என்று அளவு பார்த்து அடுக்கி, காற்று வரும் பக்கம் பார்த்துப் பற்றவைக்க வேண்டும். பிறகு பாத்திரமில்லாச் சமையல். பிசைந்த மாவைக் குச்சியில் கயிறுபோலச் சுற்றித் தணலில் காட்டினால் ரொட்டி. உருளைக்கிழங்கைக் களிமண் பூசி நெருப்பில் புதைத்து, மண் ஓடாகக் காய்ந்ததும் உடைத்தால், தோல் மண்ணோடு வந்துவிடும். உள்ளே மாவாக வெந்த கிழங்கு. பாதி கருகி, பாதி வேகாமல் வந்தாலும் தட்டில் மிச்சம் இருக்காது.

மாலையில் மூங்கில் கழிகளும் கயிறும் வரும். ஆணி ஒன்றுகூட இல்லாமல், கழிகளைக் குறுக்கே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தட்டு வைக்கும் தாங்கி, செருப்பு வைக்கும் அடுக்கு, முகாமுக்கு வாசல் வளைவு என்று செய்வார்கள். கட்டு தளர்ந்தால் வளைவு சரியும். சரிந்ததும் தளர்த்தியவர் யார் என்று தேடாமல், மறுபடியும் எப்படிக் கட்டுவது என்று அணியே கூடிப் பேசும். தலைவர் சொல்லைக் கேட்பதும், தவறானால் தலைவரிடமே சொல்வதும் அங்கே சேர்ந்தே பழகிவிடுகின்றன.

சாரணர் வணக்கத்தில் மூன்று விரல்கள் உயர்கின்றன. கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு உதவி, சாரணர் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல் என்ற உறுதிமொழியின் மூன்று பகுதிகள் அவை. பிறருக்கு உதவி என்பதை நாள்தோறும் ஒரு நற்செயல் என்று எளிமையாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் கொடுப்பது, தொலைந்த குழந்தையை உரியவரிடம் சேர்ப்பது, கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவது, மரக்கன்று நட்டு அது வேர்பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றுவது என்று குழுவாகச் செய்யும் பணிகள் வேறு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேடைக்குப் பிரமுகர் வரும்வரை சீருடைப் பிள்ளைகளை வெயிலில் மணிக்கணக்கில் நிற்கவைப்பது சேவை ஆகாது. மாலத்தீவுச் சிறுவனும் வரவேற்பு வரிசையில் நின்றவன்தான். ஆனால் அவனைச் சாரணன் ஆக்கியது அந்த வரிசை அல்ல. பிள்ளைகள் தங்கள் தெருவைப் பார்த்து, எது குறை என்று தாங்களே கண்டு, தாங்களே திட்டமிட்டு முடிக்கும் வேலைதான் சேவை.

இரவில் நெருப்பைச் சுற்றி வட்டமாக உட்காருவதை நம்மூர்ச் சாரணர்கள் 'கேம்ப் ஃபயர்' என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் அழகாகப் 'பாசறைத் தீ' என்கிறார்கள். தொடக்கத்தில் கூச்சல், கைதட்டல், குட்டி நாடகம். நெருப்பு தணியத் தணியப் பாட்டும் தணியும். கடைசியில் மெல்லிய குரலில் ஒரு பாட்டு. பிறகு பேச்சில்லாமல் படுக்கைக்கு. வகுப்பில் வாய் திறக்காத பையன் அங்கே முதல்முறையாகப் பாடிவிடுவான்.

இந்த வட்டம் விரிந்தால் ஜாம்போரி. தமிழகத்தில் பெருந்திரளணி என்கிறார்கள். முதல் உலக ஜாம்போரி 1920-இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்தது. தமிழகத்தில் 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் வைர விழா பெருந்திரளணி கூடியபோது, பல மாநிலப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். மொழி புரியாத இரண்டு பேர் ஸ்கார்ஃபையும் பேட்ஜையும் மாற்றிக்கொள்வது இத்தகைய கூடல்களின் வழக்கம். அதற்கு மொழி தேவைப்படுவதில்லை.

பெரியவர்கள் தயாராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு ஜாம்போரி காட்டியது. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் செமாங்கியத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். கடலிலிருந்து மீட்ட நிழலில்லாத நிலம், கடும் வெயில். நூற்றுக்கணக்கானோர் சுருண்டு விழுந்தார்கள். பிரிட்டன் தன் பிள்ளைகளை முன்னதாகவே அழைத்துக்கொண்டது. பின்னர் புயல் எச்சரிக்கையால் முகாமே காலி செய்யப்பட்டது. தள்ளி நிற்பது என்றால் கைவிடுவது அல்ல. நிழலும் தண்ணீரும் மருத்துவமும் உறுதி செய்த பிறகுதான் தள்ளி நிற்க முடியும்.

குழந்தையைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் பள்ளியில் கேட்கலாம். பள்ளிக்கு வெளியே இயங்கும் குழுக்களும் உண்டு. தொடக்கப் பள்ளி வயதில் குருளையர், நீலப்பறவையர். 10 வயதிலிருந்து சாரணர், சாரணியர். கல்லூரி வயதில் திரி சாரணர், திரி சாரணியர். பிரவேஷ், மூன்று சோபான்கள், ராஜ்ய புரஸ்கார் என்று படிப்படியாக ஏறிக் குடியரசுத் தலைவர் விருதுவரை போகலாம். அந்த விருதுக்கு ரயில்வே வேலையில் தனி ஒதுக்கீடு இருப்பது உண்மை. அதை மட்டும் குறிவைத்து, முகாமுக்கே போகாமல் பதிவேட்டை நிரப்பிச் சான்றிதழ் வாங்கித் தருவது, பிள்ளைக்கு வர வேண்டிய எல்லாவற்றையும் பறித்துவிட்டுத் தாளை மட்டும் கையில் கொடுப்பது.

முகாமின் கடைசி நாளில் பல இடங்களில் தடம் காணும் விளையாட்டு நடக்கும். ஓர் அணி முன்னே போய், கூழாங்கல்லாலும் குச்சியாலும் தரையில் குறிகள் வைத்துக்கொண்டே செல்லும். பின்னால் வரும் அணி அவற்றைப் படித்துக்கொண்டு தொடர வேண்டும். அம்பு என்றால் இந்த வழி. பெருக்கல் குறி என்றால் இந்தப் பக்கம் போகாதே. சின்னவர்கள் குனிந்து குனிந்து தேடி, ஒரு குறியைத் தவறவிட்டு, திரும்பி வந்து, வாக்குவாதம் செய்து, மறுபடி நடப்பார்கள். அணித் தலைவர் கடைசி ஆளுக்காகக் காத்து நிற்பார். முடியும் இடத்தில் ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரு புள்ளி இருக்கும். வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அதற்குப் பொருள்.

பேடன் பவல் 1941 ஜனவரி 8-ஆம் தேதி கென்யாவில் காலமானார். நியேரி என்ற ஊரில், கென்ய மலையின் பக்கம் பார்த்தபடி அவருடைய கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லிலும் ஒரு வட்டத்தைச் செதுக்கியிருக்கிறார்கள், நடுவில் ஒரு புள்ளியோடு.