மூச்சுக் காற்று - 9: இருமலுக்கும் மருந்துக்கும் நடுவே

காசம் தட்டில் ஒட்டாது, துணியில் ஒட்டாது, காற்றில்தான் வரும் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் தெருவுக்கும் பட்டறைக்கும் போவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணம் வழிமறித்துவிட்டது.

1799இல் திப்பு வீழ்ந்ததும் அந்தக் காவிரித் தீவில் கம்பெனிப் படை தங்கியது. காய்ச்சல் வாட்டியது. கெட்ட காற்றால் வரும் காய்ச்சல் என்பதுதான் அக்கால வைத்தியத்தின் நம்பிக்கை. 1809இல் படை பெங்களூருக்குப் போய்விட்டது. உண்மையில் குற்றவாளி கொசு. ஆனால் நிஜமாகவே காற்றில் வருகிற காசத்துக்குப் பக்கத்து மைசூரில் அரண்மனையே தப்பவில்லை. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி கிருஷ்ணாஜம்மண்ணியை அது கொண்டுபோனது. அவர் பெற்ற பெண்களையும் விடவில்லை. விசாலமான அறைகளும் வைத்தியர்களும் இருந்த குடும்பத்துக்கே இந்தக் கதி. அவர் நினைவாக மைசூரில் காசநோயாளிகளுக்காகக் கட்டிய சானடோரியம் 1921இல் திறக்கப்பட்டது. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்தால்தான் வீடு பிழைக்கும் என்று உலகமே நம்பிய காலம் அது. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரிமுத்து சானடோரியம் தொடங்கியதும் அந்த நம்பிக்கையில்தான்.

அந்த நம்பிக்கையை உடைத்தது சென்னை! இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத ஆய்வு இது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப்போட்டுப் பிரிப்பதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மறு பாதிக்கு நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு. இரு பக்கமும் அதே மாத்திரை, ஓராண்டு. முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது; வீட்டில் 86 சதவீதம்.

என்னை உலுக்கியது இதன் அடுத்த பகுதி. நோயாளிகளோடு வாழ்ந்த மனைவி, மக்கள், பெற்றோரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்ட குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றிவிட்டிருந்தது. என்ன நோய் என்றே தெரியாமல் இருமிக்கொண்டிருந்த அந்த மாதங்கள்தான் வீட்டைச் சுட்டன.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோரில் மருத்துவர் ரிச்சர்ட் ரைலி காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மாடியில் இருந்த கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அவற்றுக்கு நோயைக் கொடுத்தவர்கள் மிகச் சில நோயாளிகளே. சரியான மருந்து சாப்பிட்டவர்களிடமிருந்து தொற்றியது மிகக் குறைவு. சென்னையின் ஒற்றை அறை வீடுகள் சொன்னதையே அந்த மாடியும் சொன்னது.

அப்படியானால் நோய் தெரியாமல் இருமிய அந்த மாதங்களை யார் வீணாக்கினார்கள்? ஜனங்களின் அறியாமை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அன்றைய மைசூர் மாநிலத்துத் தும்கூர் மாவட்டத்தில் ஆய்வாளர்கள் பானர்ஜியும் ஆண்டர்சனும் நடத்திய ஆய்வு 1963இல் வெளிவந்தது. நோய் அறிகுறி இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே வைத்தியம் தேடி மருத்துவமனைப் படி ஏறியவர்கள். பலரை இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சளியைப் பரிசோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இதைப் படித்து எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆகவே, நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்து மூலையில் ஒதுக்குவது அர்த்தமற்ற கொடுமை. அவர் மருந்தை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தெருவும் பட்டறையும் அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் ஒரு வேண்டுகோள்: வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அங்கே பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். நோய் உறுதியானால், வீட்டில் உள்ள குழந்தைகளையும் மறக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.