ஆறு முட்டை, ஆறு துண்டு: அவன் இல்லாமல் ஒரு முட்டைக் காய்கறி வேக்கல்



நம் வீடுகளில் முட்டை எப்படிப் பங்காகிறது என்று யோசித்துப் பார்த்தோமா? வேலைக்குப் போகிறவருக்கு ஒரு ஆம்லெட், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரு அவித்த முட்டை. நமக்கு? "எனக்கெதுக்கு, குழம்பு இருக்கே போதும்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவாகப் பங்கு வைக்கக்கூடிய ஒரு பண்டத்தை இந்த இதழில் பார்ப்போம்.

தேவையான பொருட்கள் (6 பேருக்கு)

முட்டை 6, சின்ன வெங்காயம் 10, கேரட் 1, பீன்ஸ் 8, தக்காளி 1, முருங்கைக்கீரை 2 கைப்பிடி, பால் கால் டம்ளர், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் சிறிது, எண்ணெய் 3 டீஸ்பூன், உப்பு தேவைக்கு.

செய்முறை

1. முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதுசு. மேலே மிதந்தால் பழசு, அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

2. காய்களைப் பொடியாக நறுக்கி, 2 டீஸ்பூன் எண்ணெயில் வெங்காயம், கேரட், பீன்ஸ், தக்காளி, கீரை என்ற வரிசையில் வதக்குங்கள். தண்ணீர் முழுக்க வற்ற வேண்டும். ஈரம் நின்றால் வெந்தபிறகு அடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பிறகு ஆற விடுங்கள்.

3. முட்டை, பால், உப்பு, மிளகு, மஞ்சள் சேர்த்துக் கலக்குங்கள். நுரை பொங்க அடிக்க வேண்டாம். அடித்தால் உப்பி வந்து, இறக்கியதும் அமுங்கிவிடும்.

4. எண்ணெய் தடவிய எவர்சில்வர் டிபன் டப்பாவில் காயைப் பரப்பி, முட்டைக் கலவையை ஊற்றுங்கள். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

5. பழைய இரும்புச் சட்டியில் இரண்டு விரல் உயரம் காய்ந்த மணல் போட்டு, மூடி, 10 நிமிடம் சூடாக்குங்கள். மணல்மேல் டப்பாவை வைத்து மூடி, சிறுதீயில் 35 முதல் 40 நிமிடம் விடுங்கள். தீ அதிகமானால் முட்டை இறுகி ரப்பர் மாதிரி ஆகிவிடும். நடுவில் கத்தியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

கேஸ் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் டப்பாவைத் தட்டால் மூடி, இட்லிப் பானையில் 20 முதல் 25 நிமிடம் ஆவியில் வேகவிடலாம். மேலே சிவக்காது, சத்து குறையாது.

என்ன சத்து?

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. கேரட்டிலும் கீரையிலும் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். அதை மஞ்சள் கருவும் எண்ணெயும் தருகின்றன. முட்டையில் இரும்புச்சத்து குறைவுதான். அதற்காகத்தான் கீரை. கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். எனவே சாப்பிடும்போது மேலே எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் போகட்டும். டீ இரும்பைத் தடுத்துவிடும். இரத்தசோகை உள்ளவர்களுக்கு இது மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

குழந்தைக்கு முதல்முறை கொடுத்தால் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். சிலருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. செய்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். காலையில் செய்ததை ராத்திரிக்கு வெளியில் வைக்கக்கூடாது.

ஒரு அட்டையில் 30 முட்டை. குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு அட்டை வாங்கினால் ஆளுக்கு 6 வரும், இந்தப் பண்டத்துக்குச் சரியான கணக்கு.

வெந்ததை ஆறு சமமான துண்டாக வெட்டினால் துண்டுக்கு ஒரு முட்டை. பரிமாறுவதற்கு முன்னாலேயே நம் துண்டை நம் தட்டில் எடுத்து வைத்துவிட வேண்டும். "மிச்சமிருந்தால் சாப்பிடுறேன்" என்ற பேச்சே வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் ஒரு கேள்வி கேட்போம்: "இந்த வாரம் யார் யார் முட்டை சாப்பிட்டீங்க?" எல்லாக் கையும் உயரட்டும்.