நாய் முடியும் நம் வீட்டுத் தரையும்

திருப்பதியிலும் சித்தூரிலும் அடுக்குமாடி வீடுகள் பெருகப் பெருக, முன்பு திண்ணையிலும் தோட்டத்திலும் கிடந்த நாய் இப்போது ஹாலிலும் சோபாவிலும் ஏசி அறையிலும் படுத்துக்கொள்கிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியன் என்று நாம் பெயர் சொல்லிப் பழகிவிட்ட இந்தியன் ஸ்பிட்ஸ், சிலர் ஆசைப்பட்டு வாங்கிவிடும் ஹஸ்கி ஆகிய எல்லாவற்றுக்கும் உடம்பில் இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற மென்முடி. கட்டிலுக்கு அடியில் உருண்டு திரண்டு கிடப்பதும், கறுப்புப் பேன்ட்டில் ஒட்டிக்கொண்டு வராததும் பெரும்பாலும் அந்த மென்முடிதான். இதற்காக வேக்குவம் கிளீனர் வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது 'எத்தனை வாட்?' என்று. விற்பவரும் அதற்குத் தயாராக ஒரு பெரிய எண்ணை வைத்திருக்கிறார். ஆனால் நாய் முடிக்கு இயந்திரம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் தரையை. அடுத்தது, அந்த இயந்திரம் உறிஞ்சிய காற்றை எப்படி வெளியே விடுகிறது என்பதை. வாட் எண்ணிக்கை இந்த இரண்டுக்கும் வெகுதூரம் பின்னால் வருகிறது.

குளிர்நாடுகளிலிருந்து வரும் அறிவுரைகள் நமக்கு ஏன் அப்படியே பொருந்துவதில்லை என்பதற்கு முதல் காரணம் சூரியன். நாயின் முடி எப்போது கொட்ட வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது பகல் பொழுதின் நீளம். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் கிட்டத்தட்ட 9 மணி நேர வித்தியாசம் உண்டு. அதனால் அங்கே பல நாய்கள் வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர் காலத்தில் ஒருமுறையும் கொத்துக் கொத்தாக உதிர்த்துவிட்டு, மற்ற மாதங்களில் ஓரளவு அடங்கிவிடும். திருப்பதியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு இரவு 11 மணி வரை வீட்டில் விளக்கு எரிகிறது. ஆக, வீட்டுக்குள் வளரும் நாய்க்கு இங்கே பருவம் என்று தெளிவாக ஒன்று கிடையாது, ஆண்டு முழுவதும் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த வேலையை வருடத்துக்கு நான்கு முறை பரணிலிருந்து இறக்கும் இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியாது. தினமும் கை எட்டும் இடத்தில் இருந்து, தினமும் பத்து நிமிடம் ஓடினால்தான் பயன். நம் ஊர்களில் எத்தனையோ வேக்குவம் கிளீனர்கள் பரணில் தூங்குவதற்குக் காரணம் அவை உறிஞ்சாமல் போனது இல்லை. எடுத்து, பொருத்தி, ஓட்டி, கழற்றி வைப்பது தினப்படி வேலையாக ஒத்துவராமல் போனதுதான்.

இரண்டாவது காரணம் தரை. வேக்குவம் கிளீனர் கம்பள நாடுகளில் பிறந்த கருவி. 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் உருவாக்கிய இயந்திரம் தெருவில் நின்றுகொண்டு, நீண்ட குழாயை ஜன்னல் வழியாக உள்ளே விட்டுக் கம்பளங்களைச் சுத்தம் செய்தது. சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர், கம்பளத் தூசியால் தன் ஆஸ்துமா அதிகமாவதைப் பொறுக்க முடியாமல், சுழலும் பிரஷ்ஷும் தூசிப் பையும் கொண்ட கையடக்கக் கருவியைச் செய்தார். 1908-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது, பிறகு அது ஹூவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. கம்பள இழைகளுக்குள் புதைந்ததைக் கிளறி எடுக்க அந்தச் சுழலும் பிரஷ் அவசியம். இன்றும் 'செல்லப்பிராணிகளுக்கானது' என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்படும் பல மாடல்களின் பெருமை அந்தப் பிரஷ்தான். நம் வீடுகளிலோ விட்ரிஃபைட் டைல்ஸ் அல்லது கிரானைட், பழைய வீடென்றால் பக்கத்து மாவட்டத்துக் கடப்பாக்கல். வழவழப்பான தரையில் முரட்டு நார்ப் பிரஷ் வேகமாகச் சுழன்றால் முடியை உள்ளே இழுப்பதற்கு முன் பாதியைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். உருளையின் இரு முனைகளிலும், அச்சுக்கும் உறைக்கும் நடுவே, முடி கயிறாகத் திரிந்து இறுகிக்கொள்ளும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்காமல் விட்டால் உருளை திணறும், பெல்ட் சூடாகும், மோட்டாருக்கும் கேடு.

கடினத் தரைக்குப் போதுமானது மென்முடி விளிம்பு வைத்த தட்டையான தலைப்பகுதி, அல்லது வெல்வெட் போன்ற துணி சுற்றிய மெத்தென்ற உருளை. இங்கே முடியைத் தூக்குவது காற்றோட்டம். ஒரு நொடிக்கு எவ்வளவு காற்று வாய் வழியாக உள்ளே போகிறது என்பதே கணக்கு. கடப்பாக்கல் தரையில் இன்னொரு சிக்கல் உண்டு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இணைப்புகளில் சிமென்ட் உதிர்ந்து பள்ளமாகியிருக்கும், அதில் செம்மண் தூசியும் மென்முடியும் கலந்து திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். எந்தப் பிரஷ்ஷும் அதற்குள் போகாது. ஒடுங்கிய முனையைப் பொருத்தி இணைப்பின் மேலேயே நகர்த்தினால்தான் வரும். வாங்கும்போது அந்த ஒடுங்கிய முனை பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது, ஆயிரம் வாட் கூடுதலாகப் பெறுவதைவிட மேல்.

வாட்டைப் பற்றி நான் இவ்வளவு தாழ்வாகச் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. வாட் என்பது மோட்டார் தின்னும் மின்சாரத்தின் அளவு. அதில் எவ்வளவு உறிஞ்சுதலாக மாறுகிறது என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்சவரம்பு விதித்தது. கூடவே, கடினத் தரையின் இடுக்கில் போடப்பட்ட தூசியில் 98 சதவீதத்தை எடுத்தாக வேண்டும், உறிஞ்சிய தூசியில் 1 சதவீதத்துக்கு மேல் திரும்ப வெளியே விடக் கூடாது, சத்தம் 80 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. நிறுவனங்கள் 900 வாட்டுக்குள்ளேயே அதைச் செய்து காட்டின. அதே ஒன்றியத்தின் தரக் குறியீட்டை 2018 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் ரத்து செய்ததும் நமக்கு ஒரு பாடம். டைசன் நிறுவனம் தொடுத்த வழக்கு அது. சோதனைகள் காலித் தூசிப் பையோடு நடத்தப்படுகின்றன, வீட்டில் யாரும் அப்படிப் பயன்படுத்துவதில்லை என்பது வாதம். நாய் வளர்ப்பவருக்கு இது மிகவும் பொருந்தும். நாய் முடிக்கு எடை கிடையாது, ஆனால் இடம் பிடிக்கும். சிறு டப்பா இரண்டே அறையில் நிரம்பிவிடும், ஃபில்டரில் மென்முடி படிந்ததும் காற்றோட்டம் குன்றிவிடும். கடையில் காலி டப்பாவோடு காட்டும் வித்தையை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியும் முடியைவிடத் தெரியாததுதான் பெரிய தொல்லை. நாயால் தும்மலும் மூச்சிரைப்பும் வருகிறவர்களுக்கு அதைக் கிளப்பும் முக்கியப் புரதங்கள் நாயின் எச்சிலிலும் தோலிலும் இருக்கின்றன. முடி அவற்றைச் சுமந்து திரியும் வாகனம், அவ்வளவே. அந்தப் புரதத்தில் ஒரு பங்கு 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் காற்றில் மிதக்கிறது. 'ஒவ்வாமை தராத இனம்' என்று சொல்லி விற்கப்படும் நாய்கள் உள்ள வீடுகளையும் மற்ற வீடுகளையும் டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் ஒப்பிட்டபோது, தூசியில் இருந்த அந்தப் புரதத்தின் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முடி கொட்டாத நாய் வாங்கினாலும் தப்ப முடியாது என்று இதற்குப் பொருள். மலிவான இயந்திரம் முடியைப் பிடித்து வைத்துக்கொண்டு, இந்த நுண்துகள்களைப் பின்பக்கம் வழியாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். அதைத் தடுப்பது ஹெப்பா ஃபில்டர். ஹெச்13 என்ற ஐரோப்பியத் தரம் இருந்தால், பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகள்களிலும் 99.95 சதவீதத்தை அது தடுக்க வேண்டும். பெட்டியில் 'ஹெப்பா டைப்' என்று மட்டும் இருந்தால் அப்படி எந்த உறுதியும் கிடையாது. ஃபில்டர் நல்லதாக இருந்தும், மூடியைச் சுற்றிய ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் காற்று அந்த இடைவெளி வழியாக ஓடிவிடும். ஆகவே ஃபில்டரின் பெயரோடு, இயந்திரம் முழுவதும் காற்றுக் கசியாமல் மூடப்பட்டதா என்றும் கேட்க வேண்டும்.

ஃபில்டரைக் கழுவலாம் என்பது வசதிதான், ஆனால் நம் ஊர் மழையை மறந்துவிடக் கூடாது. பெரும்பாலான நிறுவனங்கள் கழுவிய ஃபில்டரைக் குறைந்தது 24 மணி நேரம் காயவிடச் சொல்கின்றன. ஏப்ரல் வெயிலில் அது ஒரு பொருட்டே இல்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கும் நவம்பரில், 2021-ல் திருப்பதித் தெருக்கள் வெள்ளக்காடான அதே மாதத்தில், இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. ஈர ஃபில்டரை மாட்டி ஓட்டினால் முடியும் தூசியும் அதில் களிமண்ணாக அப்பிக்கொள்ளும், வீடெங்கும் நனைந்த நாயின் வாடை. மாற்று ஃபில்டர் ஒன்றைக் கூடவே வாங்கி வைப்பதற்கான பணத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

துடைப்பமும் மாப்பும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். சிப்பிப்பாறை போலக் குட்டை முடி நாய், டைல்ஸ் தரை, வீட்டில் யாருக்கும் இரைப்பு இல்லை என்றால் உண்மையிலேயே ஈர மாப் போதும், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். அடிமுடி கொட்டும் நாய் என்றால் கதை வேறு. பூந்துடைப்பத்தால் கூட்டும்போது முடி துடைப்பத்துக்கு முன்னால் எழும்பிப் பறந்து, கூட்டி முடித்த இடத்தில் மறுபடி வந்து இறங்கும். நுண்துகள் எல்லாம் மூக்கு மட்டத்துக்கு எழும்பும். கூட்டாமல் நேராக மாப் போட்டால் முடி ஈரத்தில் திரிந்து நூலாகி மூலையில் ஒட்டிக்கொள்ளும். முதலில் உறிஞ்சி, பிறகு ஈரத்தால் துடைத்தால் இரண்டும் சரியாகிவிடும். கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவின் நுரையீரலும் இந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டுக்காரர்களைவிட அதிகத் தூசியைச் சுவாசிப்பவர் அவர்தான்.

ரோபோ வாங்கிவிட்டால் தானாக ஓடுமே என்ற ஆசையும் இயல்பானது. ஆனால் பெரும்பாலான ரோபோக்கள் ஏறக்கூடிய மேடு 2 சென்டிமீட்டர் அளவுதான், நம் நிலைப்படிகளும் பூஜை அறை வாசலும் அதைவிட உயரம். நாய்க்குட்டி தரையில் அசிங்கம் செய்துவைத்த நாளில் ரோபோ அதை வீடு முழுக்க இழுத்துப் பூசிவிடும். கம்பியில்லாத ஸ்டிக் மாடல்கள் தினப்படி எடுக்க எளியவை, அதில் சந்தேகமில்லை. டப்பா சிறியது, உச்ச வேகத்தில் வைத்தால் பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள சூடான அறையில் சார்ஜ் போட்டால் லித்தியம் பேட்டரியின் ஆயுளும் குறையும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இரண்டாவது கருவியாக அது நல்லது. முதல் கருவியாக வாங்குவதானால் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியுமா, அதன் விலை என்ன என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

தரைக்கு வரும் முன்பே முடியைப் பிடிப்பதுதான் மலிவான வழி. வாரத்தில் மூன்று நாலு நாள், வாசலிலோ மாடியிலோ நாயை நிறுத்தி அடிமுடி வாரும் சீப்பால் வாரினால் கைநிறைய வரும், அவ்வளவும் சோபாவுக்குப் போகாத முடி. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று இரட்டை அடுக்கு நாய்க்கு ஒட்ட வெட்டிவிடுவது தவறு. அந்த அடுக்கு வெயிலையும் தடுக்கிறது, வெட்டினால் சில நாய்களுக்கு முடி பழையபடி வளராமலும் போகும். திட்டுத் திட்டாகக் கொட்டினாலோ, தோல் சிவந்தாலோ, நாய் ஓயாமல் சொறிந்தாலோ அது இயந்திரம் தீர்க்கும் விஷயம் இல்லை. உண்ணி, சொறி, பூஞ்சை, தைராய்டு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கிறது, மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். வீட்டில் யாருக்கும் ஆஸ்துமா இல்லையென்றால், 5,000 முதல் 8,000 ரூபாய்க்குள் கிடைக்கும் ஈரம் உலர் இரண்டையும் உறிஞ்சும் டிரம் மாடல் போதும். டப்பா பெரியது, சுழல் பிரஷ் இல்லாததால் முடி சிக்காது, நாய் சிறுநீர் கழித்த இடத்தையும் உறிஞ்சிவிடலாம். சத்தம் அதிகம், ஆகவே ஓட்டும்போது நாயை வேறு அறையில் விடுங்கள். சோபாவுக்கும் மெத்தைக்கும் மட்டும் சிறிய சுழல் பிரஷ் முனை தனியாகத் தேவைப்படும். யாருக்காவது இரைப்பு இருந்தால் கூடுதல் செலவுக்குத் தயங்காமல், மூடிய தூசிப் பையும் ஹெச்13 ஃபில்டரும் உள்ள கேனிஸ்டர் மாடலுக்குப் போங்கள். டப்பாவைத் தட்டும்போது கிளம்பும் தூசியே அவர்களுக்குப் பகை. எதை வாங்கினாலும், பணம் கட்டும் முன் பையும் ஃபில்டரும் திருப்பதியிலேயே கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேளுங்கள். சித்தூர்க்காரர்கள் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளியுள்ள வேலூரிலும் விசாரித்துக்கொள்ளலாம். உதிரிப் பாகம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.