ஆடுகளமும் ஆலயமும்

நந்தனம் என்றவுடன் சென்னைவாசிகள் பலர்க்கும் அண்மை ஆண்டுகளாக நினைவுக்கு வருவது புத்தகக் கண்காட்சியே. அண்ணாசாலையை அடுத்த அப்பரந்த வெளியில் நூல் வாங்கித் திரும்பும் பல்லாயிரவருள், தாம் மிதித்து வந்த மண் யாருடையது, எதற்கென அமைந்தது என எண்ணுவார் சிலரே. அது கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் உடற்கல்விக் கல்லூரிக்கு உரியது. விளையாட்டு ஆசிரியரைப் பயிற்றுதற்கென்றே 1920ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய அக்கல்லூரி, ஆசியாக் கண்டத்தில் இத்துறைக்கு முன்னோடி எனப் போற்றப்பெறுவது. ஜெபத்திற்கும் வேதபாடத்திற்கும் எனக் கூடிய ஒரு சங்கத்தார் பந்தையும் வலையையும் கையிலெடுத்தது ஏன்? அவர் செய்த செயலால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள நம் திருச்சபைகள் இன்று அறியத்தக்கது யாது? இவ்விரண்டையும் யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

விளையாட்டு உலகப் பற்றைப் பெருக்குவது, பக்திக்கு இடையூறாவது என்னும் எண்ணம் நம் சபைப் பெரியோர் பலர்பால் நெடுநாள் இருந்தது. இன்றும் அது முற்றிலும் ஒழிந்ததன்று. ஆயின் தமிழ் மரபு விளையாட்டை இழித்துரைத்ததில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன் நான்கு எனக் கூறி, அவற்றுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனொடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உளது. திருமறையும் இதற்கு மாறன்று. பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் பந்தயச் சாலையின் ஓட்டத்தை உவமையாக ஆள்கின்றார். கொரிந்து நகரின் அருகே ஈராண்டிற்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டு விழா நடைபெற்று வந்தமையின், அவ்வுவமை கேட்டார்க்கு எளிதில் விளங்கியிருக்கும். அப்பகுதியிலேயே மூலத்தில் குத்துச்சண்டையைக் குறிக்கும் சொல்லை நம் தமிழ் வேதாகமத்தார் 'சிலம்பம்' என்று பெயர்த்துள்ளனர். கிரேக்க நாட்டில் முட்டியால் பொருத வீரன் தமிழ்நாட்டிற் புகுந்ததும் கம்பு சுழற்றத் தொடங்கிவிட்டான்! பெயர்த்தவர் தம் ஊர்க் களத்தை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

இனிச் சங்கத்தின் வரலாற்றிற்கு வருவோம். கிறிஸ்தவ வாலிபர் சங்கம் திருச்சபை அன்று. பல திருச்சபைகளைச் சார்ந்த இளைஞர் ஒருங்கு கூடும் இடம். 1844இல் இலண்டன் மாநகரில் துணிக்கடையொன்றிற் பணிபுரிந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பார் தம் தோழர் சிலரொடு இதனைத் தொடங்கினார். உடற்பயிற்சி இதனுள் வேரூன்றியது பின்னர், அமெரிக்க நாட்டில். உடல், உள்ளம், ஆவி என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்குவன என்பதைக் காட்ட அங்குள்ளோர் முக்கோணம் ஒன்றைச் சின்னமாகக் கொண்டனர். சென்னைச் சங்கத்தை 1890இல் நிறுவியவரும் டேவிட் மக்கனாகி என்னும் அமெரிக்கரே.

அம்முக்கோணம் சுவர்ச் சித்திரமாக நின்றுவிடாமல் ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே புகுந்தது என்பதற்குக் கூடைப்பந்து நற்சான்று. ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடா நாட்டிற் பிறந்து, மாண்ட்ரீல் நகரில் இறையியல் கற்றவர். 1891 டிசம்பரில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் சங்கத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்திற் கூரையின்கீழ் ஆடத்தக்க விளையாட்டு ஒன்றை ஆக்கித் தருமாறு அவர் பணிக்கப்பட்டார். அவர்பால் ஒப்புவிக்கப்பட்ட பதினெண்மரும் எளிதில் அடங்காதவர். அவர் புதுப் பந்து தேடவில்லை. ஆட்டங்களில் முரட்டுத்தனம் எங்கே பிறக்கின்றது என்று ஆராய்ந்தார். பந்தை ஏந்தி ஒருவன் ஓடுகின்றான். அவனை நிறுத்த மற்றொருவன் பற்றி வீழ்த்துகின்றான். ஆதலின், பந்தைக் கையிற்கொண்டு ஓடலாகாது என விதித்தார். ஓடுவான் இல்லையேல் வீழ்த்துவானும் இல்லை. இலக்குத் தரைமட்டத்தில் இருப்பின் வலிந்து எறிபவனே வெல்வான்; அதனைப் 10 அடி உயரத்தில் ஏற்றிவிட்டால் வலிமையினும் நிதானமே பயன்படும். மாடத்தின் கைப்பிடியில் பீச்சுப்பழக் கூடை இரண்டு அறையப்பட்டன. பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. கட்சிக்கு ஒன்பதின்மராக ஆட்டம் தொடங்கிற்று. நான்காண்டு கழித்து, 1895இல், அண்மையிலுள்ள ஹோலியோக்கு நகரத்துச் சங்கத்தில் வில்லியம் மார்கன் என்பார், வயதிற் சற்று முதிர்ந்தாரும் ஆடத்தக்கதாகக் கைப்பந்தை வகுத்தார். அதிலோ இரு கட்சிக்கும் நடுவே வலை நிற்றலின், ஒருவரையொருவர் இடித்துத் தள்ளும் வழியே அடைபட்டது.

பிறன் உடம்பிற்கு ஊறு செய்யாமல் அவனை வெல்லுதல் எங்ஙனம் என்னும் வினாவிற்கு இவ்விரண்டு ஆட்டங்களும் விடைகள். அவ்விடை பிரசங்கம் ஏதுமின்றியே ஆடுவார் கைகால்களிற் படிந்துவிடுகின்றது. மாணாக்கர் பலர் உறங்கும் ஒழுக்கப் பாட வகுப்பினும் இது நன்று.

மிஷன் பள்ளிகள் எல்லாம் இவ்வழி நின்றன எனல் பொருந்தாது. 1891இல் காஷ்மீரத்து ஸ்ரீநகரில் டிண்டேல் பிஸ்கோ என்னும் பள்ளித் தலைவர் தோற்பந்தைக் கொணர்ந்தபோது, தோலைத் தீண்டுதல் தீட்டு என அந்தண மாணவர் மறுத்தனர். அவரோ ஆசிரியர்களைக் கழியும் கையுமாகச் சூழ நிறுத்தி அவர்களை ஆடவைத்தார். அதனைத் தாமே எழுதியும் வைத்தார். அப்பள்ளி பிற்காலத்து ஆற்றிய தொண்டு பெரிது. எனினும், கழியால் ஊட்டப்பெற்ற விளையாட்டு விளையாட்டாகுமோ என்னும் ஐயம் எமக்கு நீங்கவில்லை.

சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக் அவர்கள் கொண்ட வழி வேறு. ஸ்பிரிங்பீல்டிற் பயின்றவர் அவர். ஓலைக் கொட்டகையும் ஐந்து மாணவருமாக அவர் தம் பள்ளியைத் தொடங்கினார் என்பது அக்கல்லூரியார் வழங்கும் வரலாறு. கோப்பை வெல்லும் அணியை ஆக்குதல் அவர் நோக்கமன்று. ஆட்டம் கற்பிக்கும் ஆசிரியரை ஆக்குதலே நோக்கம். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. அணிக்கு வேண்டுவோர் வல்லவர் பதினொருவர்; ஏனையோர் வேலிக்கு வெளியே நின்று கை தட்டலாம். ஆசிரியர்க்கோ நொண்டியடிப்பவனும் பந்தைக் கண்டு கண்மூடுபவனும் ஆகிய எல்லாரும் மாணவர். நம் நாட்டு விளையாட்டுக்களுக்கும் பக் அவர்கள் பயிற்சியில் இடம் தந்தார். அந்நாளைய வெள்ளையர்பால் இது காண்டற்கரிய பண்பு. 1943இல் சென்னையிலேயே அவர் காலமானார். கல்லூரி இன்றும் நடைபெறுகின்றது. எச்சமயத்தாரும் அங்குப் பயில்கின்றனர்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக் விழாவிற்குச் சென்ற இந்தியக் குழுவினர்க்கு மேலாளராக இருந்தவரும் பக் அவர்களே. அவ்விழாவில் நிகழ்ந்த செய்தியொன்றைத் திருச்சபைகளிற் பலகாலும் கேட்டிருக்கின்றோம். எரிக் லிடல் என்பார் மிஷனெரிப் பெற்றோர்க்குச் சீனத்திற் பிறந்த ஸ்காத்லாந்தியர். 100 மீட்டர் ஓட்டத்திற் பெயர் பெற்றவர். அதன் தொடக்கச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை நிகழ்வது என அறிந்து, ஓய்வுநாளில் ஓடேன் என மறுத்தார். மாறாக 400 மீட்டர் ஓட்டத்திற் புகுந்து 47.6 வினாடியிற் பொற்பதக்கம் பெற்றார். பிரசங்கங்கள் பெரும்பாலும் இவ்விடத்தே முடிந்துவிடும்.

எஞ்சிய பகுதியோ இதனினும் சிறந்தது. லிடல் மிஷனெரியாகச் சீனம் சென்றார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் அவரை வெய்சீன் என்னுமிடத்துத் தடுப்பு முகாமில் அடைத்தனர். அங்கே பெற்றோரைப் பிரிந்த பள்ளிச் சிறார் பலர் இருந்தனர். அவர்கட்கு ஆட்டங்களை அமைத்துக் கொடுத்தார். ஞாயிறு ஒன்றை மட்டும் விலக்கினார். ஒரு ஞாயிறு இளைஞர் தாமே ஹாக்கி ஆடத் தொடங்கினர். நடுவர் இன்மையின் அது கைகலப்பில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் தாமே நடுவராக வந்து களத்தில் நின்றார். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில திங்கள் முன்னர், மூளைக்கட்டியால் அம்முகாமிலேயே உயிர் நீத்தார். தம் பரிசிற்காக விட்டுக்கொடாத நாளைப் பிறர் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். முன்னதினும் பின்னதே அரிய செயல் என்பது எம் துணிபு. இதனை மறுப்பார் எம் விடுதியிலேயே உளர்; இரவு உணவின்போது வழக்கு இன்னும் நடைபெறுகின்றது.

இனி நம் ஊர்ச் சபைகள். வாலிபர் ஐக்கியத்தார் ஆண்டிற்கு ஒருமுறை கிரிக்கெட்டோ இறகுப்பந்தோ நடத்திக் கோப்பை வழங்குதல் சென்னையில் வழக்கமே. அது வேண்டாவென்று யாம் கூறோம். ஆயின் ஆடுவார் பெரும்பாலும் சபையார் வீட்டு ஆண்பிள்ளைகளே. பெண்கள் பார்த்திருப்பாரும் பலகாரம் பரிமாறுவாருமாக நின்றுவிடுகின்றனர். மறுநாள் களம் வண்டி நிறுத்துமிடமாகின்றது. யாம் அறிந்த வளாகமொன்றில், வாரநாட்களின் மாலைப்பொழுதில், அடுத்த தெருச் சிறுவர் இரும்புக்கதவின் கம்பிகளைப் பற்றி நிற்பர். உள்ளே வெற்றிடம் உண்டு. கதவிற்குப் பூட்டும் உண்டு. காரணம் வினவினால், கண்ணாடி உடையும், பூந்தொட்டி உடையும், யார் வீட்டுப் பிள்ளைகளோ என்பர். முதலிரண்டும் மறுக்கத்தக்கன அல்ல. மூன்றாவதுதான் எம்மை உறுத்துகின்றது. அடுக்குமாடிகள் நெருங்கிய இப்பகுதிகளில் அச்சிறுவர்க்கு வேறு இடமும் இல்லை. வண்டிகள் விரையும் தெருவிலேதான் ஆடுகின்றனர்.

கைப்பந்துக் களத்திற்கு வேண்டுவது 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும், சுற்றிலும் சிறிது வெளியும். இரு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, கோடிடச் சுண்ணாம்புப் பொடி. இவ்வளவிற் பன்னிருவர் ஆடலாம். பந்தெறியும் உரிமை எதிர்க்கட்சியிடமிருந்து மீளுந்தோறும் ஆட்டக்காரர் இடம் பெயரவேண்டும் என்பது விதி. ஆதலின் ஒருவனே என்றும் முன்வரிசையில் நின்று அடித்துக்கொண்டிருத்தல் இயலாது. சபைக் கமிட்டியார் மகனும் பின்வரிசைக்குப் போவான். அடுத்த தெருச் சிறுவனும் முன்வரிசைக்கு வருவான்.

இனி வேண்டப்படுவது, மாலை ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறந்து, இருட்டும்வரை ஊதலோடு நிற்கும் ஓர் ஆள். வாரத்தில் இரு மாலைப்பொழுது அங்ஙனம் நிற்க எம் வகுப்பினர் நால்வர் இசைந்து, மேற்கூறிய வளாகத்தின் கமிட்டியார்க்கு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்துள்ளோம். இக்கட்டுரை அச்சிற்குச் செல்லும் இந்நாள்வரை சாவி அவர்களிடமே உள்ளது.