கொட்டாஞ்சேனையும் கொழும்புத் துறையும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியிலே அலவத்துகொடை அமைந்துள்ளது. குன்றுகள் சூழ்ந்த இவ்வூர்க்கும் கடலுக்கும் தொடர்பு யாதென வினவின், விடை அவ்வீதியிலேயே உளது. 19ஆம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை ஆகிய ஊர்களைக் கால்நடையாய்க் கடந்து, பலகடுவைக் கணவாய் ஏறிக் கண்டிச் சீமைக்கு வந்த தமிழகத் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்தம் உழைப்பால் விளைந்த கோப்பி எதிர்த்திசையிலே சென்றது. கண்டியினின்று கொழும்புக்கு 72 மைல். அத்தொலைவை மாட்டுவண்டியிலும், 1867ஆம் ஆண்டின் பின்னர்ப் புகையிரதத்திலும் கடந்து அது கப்பலேறியது. அவ்வாறு மலைநாட்டுப் பண்டம் கடலைக் கண்ட இடத்தின் ஓரத்தே செறிந்து வளர்ந்த புறநகரே கொட்டாஞ்சேனை. இன்று மலைநாட்டார் கோயில் வழிபாட்டின் பொருட்டோ, உறவினரைக் காணும் பொருட்டோ அங்குச் செல்வர். அவ்வூரை வளர்த்தது துறைமுகம் என்பதும், அதன் செல்வரைப் பின்னர் வெளியேறச் செய்ததும் அதே துறைமுகம் என்பதும் பலராலும் எண்ணிப் பார்க்கப்படாதவை.

கொழும்புக் கோட்டை அமைந்திருந்த பாறைமுனை மேற்கு நோக்கிக் கடலுள் நீண்டு நிற்கின்றது. அம்முனையின் வடபால் கரை உள்வளைந்து, பிறைபோல் வட்டமிட்டு, களனி கங்கை கடலொடு கலக்கும் இடம் நோக்கிச் செல்கின்றது. அப்பிறையின் உட்புறமே துறைமுகம். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே செல்வோன் முதலிற் புறக்கோட்டையையும், அதன்பின் செட்டியார் தெருவையும், கொச்சிக்கடையையும், கொட்டாஞ்சேனையையும், இறுதியில் முகத்துவாரத்தையும் காண்பான். நிலம் ஒரே மட்டத்தினதன்று. செம்பூரான்கல்லாலாய சிறு மேடுகள் ஆங்காங்கே எழுந்து நிற்க, அவற்றின் கிழக்கே களனி வரை தாழ்ந்த சதுப்பு நிலம் பரந்திருந்தது. மேடுகளின்மேல் வழிபாட்டிடங்களும் பெருமனைகளும் எழுந்தன. பள்ளங்களிற் பண்டகசாலைகளும் ஏழையர் குடிசைகளும் அமைந்தன. 1947ஆம் ஆண்டிலே களனி பெருக்கெடுத்தபோது அத்தாழ்நிலத்தவர் உற்ற துயர், இவ்வேற்றத்தாழ்வு வெறும் நிலவியற் செய்தியன்று என்பதைப் புலப்படுத்தியது.

இப்பகுதியின் இடப்பெயர்களே அதன் வரலாற்றிற் பாதியைக் கூறவல்லன. கொட்டாஞ்சேனை என்னும் பெயரின் ஈற்றிலுள்ள ‘சேனை’யும், சிங்களத்திற் கொட்டஹேன என வழங்கும் பெயரின் ‘ஹேன’யும் ஒரு பொருளன. காட்டை எரித்துப் பயிரிடும் நிலத்தை அவை குறிக்கும். ஆகவே நகரத்தின் மிக நெருங்கிய குடியிருப்புக்களுள் ஒன்றாகிய இவ்விடம், ஒருகாலத்தில் ஊர்ப்புறத்துப் புன்செய் நிலமாக இருந்திருத்தல் வேண்டும். முகத்துவாரம் ஆற்றின் வாயைச் சுட்டும் பெயர். களனியைக் கடக்குந் துறையைப் போர்த்துக்கேயர் ‘பெருங்கடவை’ என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். அதுவே கிராண்ட்பாஸ் எனத் திரிந்தது. 1895இல் விக்டோரியாப் பாலம் திறக்கப்படும் வரை ஆங்குத் தோணிகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த மிதவைப்பாலமே இருந்தது. கண்டி வீதியில் வந்த கோப்பி வண்டிகள் யாவும் அதன் மீதே கொழும்புக்குட் புகுந்தன. தமிழர் அவ்விடத்தைப் பாலத்துறை என்றனர். பாலமும் துறையும் ஓரிடத்தே இருந்தமையை உணர்த்தும் அப்பெயர், போர்த்துக்கேயர் இட்ட பெயரினுஞ் சிறந்ததென்றே கூறலாம்.

ஒல்லாந்தர் இட்ட பெயர்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று வுல்வெண்டால், ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்பது அதன் பொருள். இலங்கையில் ஓநாய் இல்லை. அவ்விடமோ பள்ளத்தாக்குமன்று, மேடு. குவாதலூப்பே அன்னையின் பெயரால் அமைந்த போர்த்துக்கேயர் ஆலயம் ஒன்று முன்னர் அங்கிருந்ததென்றும், அப்பெயரைச் செவிவழிக் கேட்ட ஒல்லாந்தர் அதன்கண் ஓநாயைக் குறிக்குஞ் சொல் இருப்பதாகப் பிறழ உணர்ந்து மொழிபெயர்த்தனர் என்றும் கூறுவர். அம்மேட்டின்மீது 1749இல் அடியிடப்பட்டு, 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் திருச்சபைக் கோயில் இன்றும் நிலைபெற்றிருக்கின்றது. சிலுவை வடிவில், செம்பூரான்கல்லாலும் சுண்ணத்தாலும் மிகத் தடித்த சுவர்களோடு எழுப்பப்பட்ட அக்கட்டடம், கடலில் வருவோர்க்குத் தொலைவிலேயே தென்பட்டது. கோட்டையினுட் புதைக்கப்பட்டிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிகளின் எச்சங்களும் 1813இல் இங்கேயே கொணரப்பட்டன. மற்றைய பெயர் புளூமெண்டால். ‘மலர்ப் பள்ளத்தாக்கு’ என்பது பொருள். சென்ற நூற்றாண்டின் இறுதியிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் கொழும்பு நகரின் குப்பை மலைபோற் குவிக்கப்பட்ட இடம் அதுவே. பெயரிட்டோர் மீண்டும் வந்து காணின் யாது கூறுவரோ!

ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியில் முகத்துவாரமும் கொட்டாஞ்சேனையும் கடற்காற்றை விரும்பிய செல்வரும் பறங்கியரும் வாழ்ந்த இடங்கள். கொச்சிக்கடையிற் புனித அந்தோனியார் ஆலயத்தின் இப்போதைய கட்டடம் 1834இல் அமைந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்திலே, கொச்சியிலிருந்து வந்து மறைவாகத் தொண்டாற்றிய அந்தோனியோ என்னும் குருவானவரால் அவ்வழிபாடு தொடங்கப்பெற்றதென்பது மரபு. 1857இல் பொன்னம்பல முதலியார் அயலிலே பொன்னம்பலவாணேசர்க்குக் கோயில் எடுத்தார். அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை அதனைக் கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கினார். தூண்களிலும் விதானத்திலும் விசயநகரச் சிற்பமரபைப் பின்பற்றிய அத்திருக்கோயில், ஈழத்துச் சைவாலயங்களுள் முழுவதுங் கல்லாலாயவை அரியவாதலின், தனிச்சிறப்புடையது.

இவ்வளவு இருந்தும், அக்காலத்திற் கொழும்பு பெருந்துறைமுகமன்று. தென்மேற்பருவக்காற்று வீசுங் காலத்தில் அப்பிறைவடிவக் குடாவிற் கப்பல்கள் பாதுகாப்பாக நிற்றல் இயலாது. அவை கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, சிறு வள்ளங்களே சரக்கை ஏற்றியிறக்கின. தபாற் கப்பல்கள் காலித்துறையையே நாடின. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. கீழ்த்திசைக்குச் செல்லும் நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரியும் நன்னீரும் நல்கும் இடம் வேண்டப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களின் விளைபொருளோ கொழும்பிலேயே வந்து குவிந்தது. எனவே காலியை விடுத்துக் கொழும்பைத் திருத்துவதென அரசினர் துணிந்தனர். 1875 டிசம்பர் 8ஆம் நாள் வேல்சு இளவரசர் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர்க்கு அடிக்கல் நாட்டினார். சேர் யோன் கூட் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி அமைந்து 1885இல் நிறைவுற்ற அச்சுவரின் நீளம் 4,212 அடி. வடகிழக்குச் சுவரும், இரண்டிற்கும் இடையே கடலில் தனித்து நிற்கும் வடமேற்குச் சுவரும் அடுத்தடுத்து எழ, 1912ஆம் ஆண்டளவில் மும்முகமும் காப்புற்ற செயற்கைத் துறைமுகம் உருவாயிற்று. காலித்துறை தளர்ந்தது, கொழும்பு கீழ்த்திசைக் கடல்வழியின் சந்தியாயிற்று.

இவ்விடத்தே காற்றின் போக்கை நினைவு கூர்தல் வேண்டும். ஆண்டின் பல திங்கள் தென்மேற்கிலிருந்து வீசுங் காற்று துறைமுகத்தைக் கடந்தே வடகிழக்கிலுள்ள கொட்டாஞ்சேனையையும் முகத்துவாரத்தையும் அடைகின்றது. முன்பு கடலின் தண்மையைக் கொணர்ந்த காற்று, இப்போது நிலக்கரித் தூளைக் கொணர்ந்தது. 1851இல் முகத்துவாரத்தில் நிறுவப்பட்ட புனித தோமாவின் கல்லூரி, அத்தூளின் தொல்லையாலும் இடநெருக்கத்தாலும் 1918இல் கல்கிசைக் கடற்கரைக்கு இடம்பெயர்ந்தது. கல்லூரிக்கு முன்னரும் பின்னரும் பலர் பெயர்ந்தனர். கறுவாத்தோட்டமும் கொள்ளுப்பிட்டியும் செல்வர் வாழிடங்களாயின. பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லாற் கட்டுவித்த இராமநாதனது இல்லமாகிய ‘சுகஸ்தான்’ அமைந்ததும் கறுவாத்தோட்டத்து உவாட் பிளேசிலேயே. கோயில் துறைமுகத்தருகே இருந்தது. கட்டியவர் காற்றுக்கு எதிர்த்திசையில் வாழ்ந்தார். இதனைக் குறையாகக் கூறுதல் தகாது. இயன்றோர் அனைவரும் அதனையே செய்தனர்.

இயலாதோர் தங்கினர். பெருமனைகள் கூறுகூறாகப் பிரிக்கப்பட்டன. அவற்றின் வளவுகளில் ஒற்றையறை வீடுகள் வரிசையாக எழுந்தன. ‘தோட்டம்’ என்னுஞ் சொல்லுக்குக் கொழும்பு வடக்கிலே செடிகொடியற்ற ஒரு புதுப்பொருள் உண்டாயிற்று. மலைநாட்டு இலயத்திற்கும் துறைமுகத்துத் தோட்டத்திற்கும் தோற்றத்திற் பெருவேறுபாடில்லை. இரண்டினுள்ளும் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர். துறைமுகத்தில் அவரோடு மலையாளிகளும், சிங்களவரும், முசிலிம்களும் ஒருங்கே உழைத்தனர். அலைதடுப்புச் சுவர்கள் கப்பலைக் காத்தனவேயன்றி அவர்தம் முதுகின் சுமையைக் குறைத்தில. 1954இல் எலிசபெத் மகாராணி இறங்குதுறை திறக்கப்படும் வரையில், கப்பல்களிற் பெரும்பாலன துறைமுகத்தின் நடுவே மிதவைகளிற் கட்டப்பட்டே நின்றன; மூட்டை ஒவ்வொன்றும் வள்ளத்திலேறி, வள்ளத்தினின்று மனிதர் தோளிலேறியே கரை சேர்ந்தது. 1927இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் நிகழ்ந்த துறைமுக வேலைநிறுத்தம் இத்தோள்களின் வலிமையை ஆட்சியாளர்க்கு முதன்முதல் உணர்த்திற்று. ஆயின் அடுத்த பத்தாண்டிற் பொருளாதார மந்தம் தோன்றவே, அதே தலைவர் மலையாளத் தொழிலாளர்க்கு எதிராகக் குரலெழுப்பினார். ஒரே சுமையைத் தூக்கியோர் இனத்தாற் பிரிக்கப்பட்டமை இவ்வூர் வரலாற்றின் துயரப் பகுதிகளுள் ஒன்று.

பலசமயத்தார் நெருங்கி வாழும் ஊர்க்குரிய பகையும் உறவும் இங்கு ஒருசேரக் காணப்படுவன. புனித லூசியா பேராலயத்திற்கு அணித்தே உள்ள தீபதுத்தாராம விகாரையில் வாழ்ந்தவர், 1873ஆம் ஆண்டுப் பாணந்துறை வாதத்தாற் புகழ்பெற்ற மிகெட்டுவத்தை குணானந்த தேரர். 1883 மார்ச்சு 25ஆம் நாள் அவ்விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கராற் றாக்கப்பட்டுப் பெருங்கலகம் மூண்டது. அந்நாள் கிறித்தவரின் உயிர்த்த ஞாயிறு. குற்றவாளிகள் தண்டிக்கப்படாமையாற் பௌத்தர் கேணல் ஒல்கொட்டை 1884இல் இலண்டனுக்கு அனுப்பினர். அதன் விளைவாக 1885இல் வெசாக் முழுமதி நாள் அரசாங்க விடுமுறையாயிற்று. பௌத்தக் கொடி ஏற்றப்பட்டதும் அவ்வெசாக்கிலேயே. முகத்துவாரத்துப் புனித தோமாவின் கல்லூரியிற் பயின்ற இளைஞர் ஒருவரை அவர் தந்தையார் இக்கலகத்தின் பின் பள்ளியினின்று நீக்கினார். அவரே பிற்காலத்து அநகாரிக தர்மபாலர். நாட்டின் பிற்கால அரசியலை உருவாக்கிய உணர்ச்சிகளுட் சில இச்சிறு மேட்டுத் தெருக்களிலே தோன்றியவை என்பது மிகையாகாது.

இவ்வூர்க்கு உயிர்த்த ஞாயிறு மும்முறை கொடியதாயிற்று. 1942 ஏப்ரில் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. ‘எக்டர்’, ‘தெனெதோசு’ ஆகிய பிரித்தானியக் கப்பல்கள் அங்கேயே அழிந்தன. மக்கள் திரள்திரளாக நகரை நீங்கினர். 2019 ஏப்ரில் 21ஆம் நாள் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலே, வழிபாட்டு வேளையிற் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். அவ்வாலயத்திற்குச் செவ்வாய்க்கிழமைதோறும் கத்தோலிக்கரேயன்றிச் சைவரும் பௌத்தரும் நேர்த்திக்கடனுடன் செல்லும் வழக்கம் நெடுங்காலத்தது. குண்டுவெடிப்பின் பின் ஆலயம் மீளத் திறக்கப்பட்டதும் அவ்வழக்கம் தொடர்ந்தது.

தமிழர்க்குக் கொட்டாஞ்சேனை இறங்குமிடமாக மட்டுமன்றிக் கல்விக்களமாகவும் விளங்கிற்று. 1897 சனவரி 15ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டினின்று திரும்பிக் கொழும்புத் துறையில் இறங்கினார். அவர் மறைந்த 1902ஆம் ஆண்டிலேயே கொழும்பு விவேகானந்த சபை நிறுவப்பட்டது. சபையின் இல்லமும் வித்தியாலயமும் அமைந்த மேடு இன்று விவேகானந்த மேடு என்றே வழங்குகின்றது. சைவசமயப் பாடத்தேர்வுகளை நாடெங்கும் நடாத்திய அச்சபையின் சான்றிதழைப் பெற்ற மாணவர் மலைநாட்டிலும் பலராவர்.

1958இல் துறைமுகச் சரக்குவேலை அரசுடைமையாயிற்று. அதனினும் பெரிய மாற்றத்தைச் செய்தது ஓர் இரும்புப் பெட்டி. 1985இல் சய கொள்கலன் முனையம் தொழிற்படத் தொடங்கியபின், நூறுபேர் பலநாட் செய்த வேலையைப் பாரந்தூக்கி சில மணியிற் செய்தது. 2012இல் தெற்குத் துறைமுகத்தின் புதிய அலைதடுப்புச் சுவர் முடிவுற்றதும், பெருங்கப்பல்கள் பழைய தென்மேற்குச் சுவர்க்கு அப்பால் நிற்கலாயின. துறைமுகம் முன்னெப்போதினும் பெரிதாயிற்று. ஆயினும் அது கொட்டாஞ்சேனையினின்று விலகிச் சென்றது. மலைநாட்டுத் தேயிலை இன்றும் கொழும்பிலிருந்தே கப்பலேறுகின்றது. பூட்டிய பெட்டியினுட் செல்லும் அதனைக் கொட்டாஞ்சேனையாரின் தோள்கள் அறியா.

ஊர் வெறுமையாகவில்லை. 1983 யூலை வன்செயலிற் கொழும்புத் தமிழர் வீடும் கடையும் இழந்தனர். ஆயினும் போர் நீடித்த ஆண்டுகளில் வடக்கு கிழக்கினின்று வந்தோர் இங்கேயே மிகுதியாகத் தங்கினர். கடவுச்சீட்டுக்கும் வெளிநாட்டு அனுமதிக்கும் காத்திருந்தோர் விடுதி அறைகளிற் பல திங்கள் கழித்தனர். 2007 யூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரினின்று அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து ஆணையிட்டது. அனுப்பப்பட்டோருட் பலர் மீண்டும் வந்தனர். பழைய தோட்டங்கள் சிலவற்றினின்றும் அகற்றப்பட்டோர்க்கு அண்மைக் காலத்திற் கொழும்பு வடக்கிலே பன்மாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. பண்டைய ஒல்லாந்தர் கோயிலினும் உயர்ந்த அம்மாடங்களே, இப்போது கடலில் வருவோர் கண்ணுக்கு முதலிற் றோன்றுவன.